கங்கை நகர் டேங்க் எடுத்த கதை

மில் காலனிக்காரங்க ஃபோனுக்குள்ள வச்சு வளர்த்த நெருப்புப் பல்லி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஃபோனை விட்டு இறங்குச்சு. இறங்கி, லிங்கதுரை வீட்டு வாசல்ல போட்டிருந்த கோலத்தை மிதிக்காம தாண்டி, தெருக்குழாய்ப் பக்கமாப் போய் வாலைச் சுருட்டிப் படுத்துக்கிச்சு. காளைமாட்டு உசரம், மினி பஸ் நீளம், மூச்சு விட்டா மூக்குல பொறி பறக்கும். விளாத்திப்பட்டியில யாரும் பெருசா வாயைப் பிளக்கல. அது தீப்பெட்டி ஆபீஸ் ஊரு, நெருப்பைப் பார்த்து மிரளுற ஆளு அங்க பொழப்பு நடத்த முடியாது. பால்காரர் சைக்கிளை வாலுக்கு அந்தப் பக்கமாச் சுத்தி ஓட்டிட்டுப் போனாரு, அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுப் பார்த்தாரு, ஊசி உருகிப் போச்சு, உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஏட்டையா வந்து, நாய்க்குச் சட்டம் இருக்கு, யானைக்குச் சட்டம் இருக்கு, இதுக்கு இன்னும் வரல, வந்ததும் வாறேன்னு சொல்லிட்டு ஒரு டீயைக் குடிச்சாரு. பேரூராட்சிக் கூட்டத்துல இதுக்கு வீடுன்னு வரி போடுறதா வண்டின்னு வரி போடுறதான்னு பேசிப் பேசி, கடைசியில அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சாங்க. மில் காலனிப் பொம்பளைங்கதான் ஒரு யோசனையும் பண்ணல, மறுநாளே இருப்புச் சட்டியைக் கொண்டுவந்து அது மூக்குக்கு நேரா வச்சுக் கடலை வறுக்க ஆரம்பிச்சுட்டாங்க. சிலிண்டர் வாங்குறது குறைஞ்சு போச்சேன்னு விசாரிக்க வந்த ஆளு, வந்த சோலியை மறந்துட்டு ஒரு பை வறுத்த கடலையோட திரும்பிப் போனாரு.

அது எப்படிப்பா வெளிய வந்துச்சுன்னு கேட்டா ஊரே ஒரே பதிலைத்தான் சொல்லும். முழு லெவல் ஏறுன மிருகம் ஃபோனுக்குள்ள கொள்ளுமா? பானை நிறைஞ்சா வழியத்தான் செய்யும்.

அந்த கேம் பேரு மிருகப் போர். தெருவுக்குத் தெரு ஒரு டீம். டீம்ல இருக்கிற எல்லாரும் சும்மா இருக்கிற நேரத்துல ஆடி ஆடிக் கல்லு சேர்க்கணும், பச்சைக் கல்லு, சிவப்புக் கல்லு. சேர்ந்த கல்லு மொத்தத்தையும் ஒரே மிருகத்து மேல கொட்டுனாத்தான் அது முழுசா வளரும், பிரிச்சுக் குடுத்தா எல்லாம் நோஞ்சானாப் போயிரும். கொட்டுன கல்லைத் திரும்ப அள்ளவும் முடியாது. அதனால எந்த மிருகத்தை எடுக்கிறதுங்கிறதுதான் அந்த கேம்ல பெரிய தலைவலி, பொண்ணு பார்க்கிற மாதிரி, ஒரு தடவை தலையை ஆட்டிட்டா ஆட்டுனதுதான்.

இனி கங்கை நகரைப் பத்திச் சொல்லணும். பேரைப் பார்த்து ஏமாந்துறக் கூடாது. மனை பிரிச்சு வித்தவரு காசிக்குப் போயிட்டு வந்த புதுசுல வச்ச பேரு அது. ஊருக்கு வர்ற தண்ணிக் குழாய் ஒண்ணுதான், மில் காலனி வழியா வந்து கங்கை நகர்ல முடியுது. வால்வு திறக்கிற கோமதிநாயகம் மில் காலனிக்கு முதல்ல திறப்பாரு. அவங்க அண்டா, குண்டா, தொட்டி எல்லாத்தையும் நிரப்பி, செடிக்கு ஊத்தி, பைக்கைக் கழுவி, கழுவுன பைக்கை இன்னொரு தடவை கழுவி முடிக்கிறப்ப, கங்கை நகர்க் குழாய்ல காத்து மட்டும் புஸ்ஸுன்னு வரும். அந்தக் காத்துக்கும் பொம்பளைங்க வரிசையில நிப்பாங்க, பழக்கம்.

அந்த வரிசையில எப்பவும் முன்னாடி நிக்கிறவ முப்பிடாதி. கங்கை நகர்ல மாவுக் கடை வச்சிருக்கா. அவ வீட்டுக்காரரு மாசத்துல பாதி நாள் லாரியோட வடக்கே போயிருவாரு, மீதிப் பாதி நாள் தூங்குவாரு, அதனால கடையும் வீடும் அவ கையிலதான். அரிசி ஊறப்போடத் தண்ணி, உளுந்து கழுவத் தண்ணி, கிரைண்டர் கழுவத் தண்ணி, எல்லாத்துக்கும் தலைச்சுமையாப் பக்கத்து ஊர்க் கிணத்துல இருந்து கொண்டு வந்துக்கிட்டிருந்தா. கழுத்து எலும்பு தேஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. திருப்பூர்ல இருக்கிற அவ அண்ணன் பனியன் கம்பெனியில இடம் பார்த்து வச்சுட்டு, கடையை மூடிட்டு வந்துருன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கிரைண்டரை வாங்குறதுக்கு ஒரு ஆளு வந்து, மூடியைத் திறந்து பார்த்து, கல்லைத் தடவிப் பார்த்துட்டுப் போயிட்டாரு. அவரு தடவுனதுல இருந்து முப்பிடாதிக்கு ரெண்டு வேளை சோறு இறங்கல.

மில் காலனிப் பல்லி வந்ததும் கோமதிநாயகம் ஒரு முடிவுக்கு வந்தாரு. மேல திறந்தா கீழ திட்டு, கீழ திறந்தா மேல திட்டுன்னு ரெண்டு பக்கமும் வாங்கி வாங்கி அந்த மனுசனுக்கு வெறுத்துப் போச்சு.

"இந்தா பாருங்க, நீங்க மிருகத்தை வச்சுத்தான சண்டை போடுதீக? நம்ம கண்மாய்ல விட்டுப் போடுங்க. எது ஜெயிக்குதோ அந்தத் தெருவுக்கு முதல்ல திறப்பேன், இனி எப்பவும். என்னைய யாரும் ஏச வேணாம்"னாரு.

மில் காலனி டீம் தலைவரு லிங்கதுரை சிரிச்சாரு. "நாங்க ரெடி அண்ணாச்சி. அவங்க எதைக் கொண்டு வருவாக? காலிக் குடத்தையா?"

கங்கை நகர் அன்னிக்கே கேமை ஏத்துச்சு. டீம் கணக்கை முப்பிடாதி ஃபோன்ல வச்சாங்க, ஏன்னா மத்தவங்க ஃபோன்ல எல்லாம் குட்மார்னிங் படம் நிறைஞ்சு கிடந்துச்சு, அவ ஃபோன்லதான் இடம் இருந்துச்சு. ஆபீஸ்ல குச்சி அடுக்குற இடைவேளையில ஆடுனாங்க, ரேஷன் வரிசையில ஆடுனாங்க, கண் ஆபரேஷன் பண்ணி ஒத்தைக் கண்ணுல பஞ்சு வச்சிருந்த உடையம்மா இன்னொரு கண்ணை வச்சு ஆடுனா. ஆடி ஆடிச் சேர்த்த கல்லு ஒரு மிருகத்துக்குப் போதும்னு ஆனதும், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில கூட்டம் போட்டாங்க.

கேமைப் பத்தி அந்தத் தெருவுல முழுசாத் தெரிஞ்சவரு ஜெராக்ஸ் கடை ஞானதுரை. அவரு முப்பிடாதி பக்கத்துல நின்னு, அவ கையில இருந்த ஃபோனைக் காட்டிக் காட்டி விளக்குனாரு.

"மூணு வகை இருக்கு. அட்டாக்கர், சப்போர்ட், டேங்க். அவங்ககிட்ட இருக்கிறது அட்டாக்கர். நாமளும் அட்டாக்கர்தான் எடுக்கணும், உலகம் பூரா அதைத்தான் எடுக்கான். இந்தப் புயல் கழுகைப் பாருங்க, என்னா இறக்கை, என்னா மூக்கு..."

"மூணாவது என்னமோ சொன்னியே?"ன்னா உடையம்மா.

"டேங்க். அதை விடுங்க அத்தை. இந்தக் கழுகுக்கு வந்து..."

"டேங்க்கா?"

அந்த வார்த்தை கூட்டத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. டேங்க்காம்ல, டேங்க்காம்லன்னு பொம்பளைங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் தட்டுனாங்க. பின்னாடி இருந்து ஒருத்தி, எத்தனை குடம் பிடிக்கும்னு கேட்டா. குடம் எல்லாம் இல்லக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்கன்னு ஞானதுரை கையை உசத்துறதுக்குள்ள, முப்பிடாதி கட்டைவிரல் டேங்க் மேல போய் உக்கார்ந்துக்கிச்சு. கல்லு எல்லாம் கலகலன்னு கொட்டுற சத்தம் ஃபோன்ல இருந்து வந்துச்சு. ரொம்ப நேரம் வந்துச்சு.

"மதினி! என்ன மதினி பண்ணிட்டீக!"

"ஏன்? நமக்கு வேண்டியது டேங்க்தான?"

"அய்யோ, கேம்ல டேங்க்னா தண்ணி டேங்க் கிடையாது மதினி! அடி தாங்குற ஆளு! முன்னாடி போய் நின்னு வர்ற அடி எல்லாத்தையும் அது வாங்கும், அதுக்குப் பின்னாடி நின்னு வேற ஒருத்தன் சண்டை போடுவான். நமக்குத்தான் பின்னாடி ஒருத்தனும் இல்லையே!"

உடையம்மா பஞ்சு வச்ச கண்ணை ஒரு தடவை தடவிக்கிட்டா.

"அடி வாங்குறதுக்கா இம்புட்டுக் கல்லையும் கொட்டுனோம்? அதுக்குத்தான் இந்தத் தெருவுல பொம்பளைங்க நாங்க இருக்கோமே, கல்லு செலவில்லாம!"

சிரிக்கிறதா ஏசுறதான்னு தெரியாம கொஞ்ச நேரம் எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் ஏசுனாங்க. முப்பிடாதி ஃபோனை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தா. கிரைண்டர்காரருக்குச் சொல்லி அனுப்பிறலாமான்னு யோசிச்சுக்கிட்டே நடந்தா.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவ முன்னாடி அது நின்னுச்சு. எருமை மாதிரி மூஞ்சி, உரல் மாதிரி நாலு கால், முதுகு மட்டும் மாடியில நிக்கிற கருப்பு டேங்க் எப்படியோ அப்படியே, உருண்டு, வரி வரியா. முதுகு நடுவுல ஒரு மூடி.

ஞானதுரை ஓடி வந்து ஃபோனைப் பார்த்தாரு, மிருகத்தைப் பார்த்தாரு. "கேம்ல இதுக்கு மூடி கிடையாதே!"ன்னாரு.

அவரு பேச்சை யாரும் கேக்கல. ஏணி கொண்டு வந்தாச்சு, உடையம்மா ஏறியாச்சு, மூடியைத் திருகித் திறந்து உள்ள தலையை விட்டு, காலின்னு சொல்லியாச்சு. கங்கை நகர்க்காரங்க காலி டேங்கைப் பார்த்து வருத்தப்படுறதை விட்டு ரொம்ப நாளாச்சு. ஏணியை எடுத்துட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிட்டாங்க. டேங்க்குன்னும் சொல்லி, அடி தாங்குறதுன்னும் சொல்லி, ரெண்டும் நாக்குல கலந்து அதுக்குத் தாங்கின்னு பேரு விழுந்துச்சு. ஆபீஸ்ல கழிச்சுப் போடுற மருந்து வைக்காத குச்சியை ஒரு சாக்கு போட்டா ராத்திரி பகல்னு பார்க்காம மென்னுக்கிட்டே நிக்கும். ஒரு தொந்தரவு கிடையாது.

தொந்தரவு செஞ்சது உடையம்மாதான். ஒத்தைக் கண்ணோட ஆடிச் சேர்த்த கல்லு வீணாப் போச்சேங்கிற வயித்தெரிச்சல் அவளுக்கு ஆறல. ஒரு காலையில போய், ஏ தின்னிப் பயலே, குச்சி திங்கவா உன்னைய எடுத்தோம், உன் மூஞ்சியும் முதுகும்னு ஆரம்பிச்சு, ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசி, முடிவுல முழங்கால்ல ஒரு எத்து எத்துனா. தாங்கி வயித்துக்குள்ள களக்குன்னு ஒரு சத்தம். ஏறித் திறந்து பார்த்தா, அடியில ஒரு செம்புத் தண்ணி. குடிச்சுப் பார்த்தா இளநி மாதிரி இருந்துச்சு.

ஞானதுரை கேமைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. "வாங்குற அடியை எல்லாம் சேர்த்து வைக்கும்னு போட்டிருக்கு. எதுவாச் சேர்த்து வைக்கும்னு போடல."

அன்னிக்குச் சாயங்காலமே தெருவுல பாதிப் பேரு உலக்கை, விறகுக்கட்டையோட முப்பிடாதி வாசல்ல வந்து நின்னுட்டாங்க. முப்பிடாதி தாங்கிக்கு முன்னாடி வந்து இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா.

"கட்டையைக் கீழ போடுங்க. எடுத்தது நான், என் வாசல்ல நிக்கிது. வாயால என்ன வேணும்னாலும் ஏசிக்கிடுங்க. கை ஓங்குனீக, நான் பொல்லாதவளாயிருவேன்."

வாயால ஏசுனாலும் வந்துச்சு. அதுக்கப்புறம் கங்கை நகர்ல காலையில எந்திரிச்சு, பல்லு விளக்கி, குடத்தை எடுத்துக்கிட்டு வந்து, வரிசையில நின்னு ஏசுறது வழக்கமாயிருச்சு. மாமியாரை ஏச முடியாத மருமக தாங்கியை ஏசுனா, அரைக் குடம். பாகப்பிரிவினையில மேட்டு நிலத்தை வாங்குனவன் அண்ணனை நினைச்சு ஏசுனான், ரெண்டு குடம், மூடி வரைக்கும் நுரை. சம்பந்தி வீட்டு விருந்துல நல்லி எலும்பு வைக்கலங்கிற ஆத்திரத்தைப் பல வருசமா மனசுல வச்சிருந்த ஒரு பெரியவரு ஒரு தொட்டியே நிரப்பிட்டு, லேசாயிட்டேன் தாயின்னு சொல்லிட்டுப் போனாரு. புருசன் பொண்டாட்டி சேர்ந்து வந்து, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம, தாங்கியைப் பார்த்து மாத்தி மாத்தி ஏசிட்டு, குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. முப்பிடாதி ரெண்டு படி அரிசி கூட ஊறப்போட்டா.

ஆனா மனுசனுக்குக் கோவமும் ஒரு அளவுக்குத்தான் இருக்கும்போல. ஏச ஏசக் கங்கை நகர்ல அது வத்திக்கிட்டே வந்துச்சு. மருமக மாமியாருக்குப் பேன் பார்த்துவிட ஆரம்பிச்சா. மேட்டு நிலத்துக்காரன் அண்ணன் வீட்டுக்கு வெத்தலை பாக்கோட போயிட்டு வந்தான். தெருவுல ஒரு சண்டை இல்ல, டேங்க்ல ஒரு சொட்டு இல்ல. உடையம்மா நடிச்சு ஏசிப் பார்த்தா, தாங்கி அவளையே பரிதாபமாப் பார்த்துச்சே தவிர உள்ள ஒரு சத்தமும் வரல.

"இப்படியா நல்லவங்களாப் போய்த் தொலைவீக"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

அந்த நேரத்துலதான் சண்டை நாள் வந்துச்சு. காலையிலயே திருப்பூர் அண்ணன் கூப்பிட்டு, திங்கக்கிழமை பஸ் ஏறுறியா இல்லையான்னு கேட்டாரு. சாயங்காலம் சொல்லுதேன்னு முப்பிடாதி வச்சுட்டா.

வறண்ட கண்மாய்ல முள்ளை வெட்டி, மைக் செட் கட்டி, சர்பத் கடை, முறுக்குக் கடை எல்லாம் போட்டு, ஊரே கரையில உக்கார்ந்திருந்துச்சு. கோமதிநாயகம் சுண்ணாம்புத் தூளால ரெண்டு கோடு போட்டு, எந்த மிருகம் தனக்குப் பின்னாடி இருக்கிற கோட்டைத் தாண்டிப் பின்னாடி போகுதோ அது தோத்துதுன்னு மைக்ல சொன்னாரு. பல்லிக்கு மாலை போட்டுக் கூட்டியாந்தாங்க, மாலை வழியிலயே கருகிப் போச்சு. தாங்கி பாதிச் சாக்குக் குச்சியை வாயில வச்சுக்கிட்டே நடந்து வந்துச்சு. மில் காலனிக் கூட்டத்துல இருந்து, ஏய் எருமைக்கு எவன்டா சட்டி கவுத்தினதுன்னு ஒரு குரல் வந்துச்சு, கரையே சிரிச்சுச்சு.

பல்லி ஊதுன முதல் ஊதுலயே சுண்ணாம்புக் கோட்டு ஓரத்துப் புல்லு பூரா பொசுங்கிப் போச்சு. தாங்கி அசையல. திரும்ப ஊதுச்சு, திரும்பத் திரும்ப ஊதுச்சு, தாங்கி முதுகு கருப்புல இருந்து சிவப்பாச்சு, சிவப்புல இருந்து ஆரஞ்சாச்சு, மூடி ஓரத்துல புகை கிளம்புச்சு. அது ஒரு அடி பின்னாடி வைக்கல, ஒரு அடி முன்னாடியும் வைக்கல, கண்ணை மூடிக்கிட்டு மென்னுக்கிட்டே நின்னுச்சு. முப்பிடாதியால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. கடையும் வேணாம், வால்வும் வேணாம், ஒரு வாயில்லாச் சீவனை வேக வச்சுத்தானா நான் மாவு அரைக்கணும்னு கரையில இருந்து இறங்கி ஓடுனா. கோமதிநாயகம் மைக்ல, ஏ தாயி உள்ள வராதன்னு கத்துனாரு. அவ காதுல வாங்கல. லிங்கதுரை பதறிப் போய்ப் பல்லியை நிறுத்துனாரு. சேலைத் தலைப்பைக் கையில சுத்திக்கிட்டு, அடுப்புல இருந்து சட்டியை இறக்குற மாதிரி அது விலாவுல கையை வச்சா.

ஜில்லுன்னு இருந்துச்சு.

சித்திரை மாசத்துப் புது மண்பானை எப்படி இருக்கும், அப்படி. காதை வச்சுப் பார்த்தா. உள்ள கண்மாய் நிறைஞ்சு கரையில அலம்புற மாதிரிச் சத்தம். முப்பிடாதி மெதுவாத் தலையை எடுத்தா, முந்தானையை உதறி இடுப்புல சொருகுனா, திரும்பி லிங்கதுரையைப் பார்த்தா.

"அண்ணாச்சி, என்ன அதுக்குள்ள நிறுத்திட்டீக? இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லுங்க."

உடையம்மாவுக்கு அந்த ஒரு பேச்சுலயே விளங்கிருச்சு. "ஏட்டி, குடத்தை எடுத்தாங்கட்டி!"ன்னு அவ போட்ட கூச்சல்ல கங்கை நகரே எந்திரிச்சு ஓடுச்சு. குடம், அண்டா, வாளி, குழந்தை குளிக்கிற டப், பிள்ளையார் கோயில் அபிஷேகச் செம்பு வரைக்கும் வந்து தாங்கிக்குப் பின்னாடி வரிசை கட்டி நின்னுச்சு. நின்னுக்கிட்டு மொத்தக் கங்கை நகரும் பல்லியைப் பார்த்துக் கை தட்ட ஆரம்பிச்சுச்சு.

"ஊது ராசா ஊது! நல்லா ஊது!"

"எங்கப்பன்ல, இன்னும் ஒரு வாய்!"

மில் காலனிக்காரங்களுக்கு ஒண்ணும் விளங்கல. தங்களோட மிருகத்துக்கு எதிரி எதுக்குக் கை தட்டுறான்னு பார்த்தவங்களுக்குக் கோவம் தலைக்கேறிருச்சு, கண்டபடி ஏச ஆரம்பிச்சாங்க. அந்த ஏச்சும் தாங்கிக்குத்தான் போச்சு. நெருப்பு ஒரு பக்கம், ஏச்சு ஒரு பக்கம், உள்ள தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. லிங்கதுரைக்கு விசயம் புரிஞ்சப்ப நேரம் கடந்து போச்சு. நிறுத்துனா ஊர் முன்னாடி பயந்தவன்னு பேரு, ஊதுனா எதிராளி வீட்டுக் குடம் நிறையுது. பாவம், அந்த மனுசன் வாயைத் திறந்து திறந்து மூடுனாரு. பல்லிக்கு அதெல்லாம் தெரியுமா? அது மூச்சை அடிவயித்துல இருந்து இழுத்து, அதுவரைக்கும் ஊதாத ஊது ஒண்ணு ஊதுச்சு.

மூடி தெறிச்சு வேப்பமர உசரத்துக்குப் போச்சு. அதுக்குப் பின்னாடியே தண்ணி, பனைமரம் பனைமரமா எந்திரிச்சு, கவுந்து, கண்மாய் பூரா பரவி, குடத்தை எல்லாம் நிரப்பி, மிதக்க வச்சு, கோமதிநாயகம் போட்ட ரெண்டு சுண்ணாம்புக் கோட்டையும் கரைச்சுக்கிட்டு ஓடுச்சு. கோடு கரையுறதுக்கு முன்னாடியே பல்லி பாதத்துல ஈரம் பட்டுருச்சு. பிறந்ததுல இருந்து ஈரம் படாத பாதம், கூசிருச்சு போல. காலை உதறுச்சு, மறுகாலை உதறுச்சு, திரும்பி ஒரே ஓட்டமாக் கோட்டைத் தாண்டி, கரை ஏறி, முறுக்குக் கடைக்குப் பின்னாடி போய் உக்கார்ந்துக்கிச்சு.

"கங்கை நகர்!"னு கோமதிநாயகம் மைக்ல கத்துனாரு. மைக் நனைஞ்சு போனதால யாருக்கும் கேக்கல, கேக்க வேண்டிய தேவையும் இல்ல. பொம்பளைங்க முழங்கால் தண்ணியில நின்னு ஒருத்தி மேல ஒருத்தி வாரி அடிச்சுக்கிட்டிருந்தாங்க. தண்ணியை இப்படி வீணாக்கக் கூடாதுன்னு சொல்ல அன்னிக்கு ஒரு ஆளும் இல்ல. உடையம்மா தாங்கி கழுத்தைக் கட்டிக்கிட்டு, என் ராசா, உன் மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்னு முத்தம் குடுத்தா. ஞானதுரை முழங்கால் வரைக்கும் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முப்பிடாதிகிட்ட வந்து, "நான் மொதல்லயே நினைச்சேன் மதினி"ன்னாரு. "என்னன்னு?"ன்னு அவ கேட்டா. அவரு சிரிச்சுட்டாரு. நனைஞ்ச சேலையோட அப்படியே நின்னு முப்பிடாதி அண்ணனுக்கு ஃபோன் போட்டு, நான் வரலண்ணே, நீங்க வேணா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு லீவுக்கு வாங்கன்னு சொன்னா. பின்னாடி கேட்ட கூச்சலைக் கேட்டு, என்ன பிள்ளை, ஊர்ல கோயில் கொடையான்னு அவரு கேட்டாரு. ஆமான்னுட்டா.

மறுநாள் விடியக்காலம் கோமதிநாயகம் சொன்ன வாக்கு மாறாம கங்கை நகருக்கு முதல்ல திறந்தாரு. கொஞ்ச நேரம் காத்து வந்துச்சு, அப்புறம் செம்மண் கலர்ல வந்துச்சு, அப்புறம் நல்லதாவே வந்துச்சு. முப்பிடாதி ரெண்டு அண்டா அரிசி ஊறப்போட்டா.

மத்தியானத்துக்கு மேல லிங்கதுரை வந்தாரு, கையில மாவுக்கு ஒரு தூக்குவாளி. மாவை வாங்கிக்கிட்டும் போகாம, வாசல்ல மென்னுக்கிட்டு நின்ன தாங்கியையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

"தங்கச்சி, இதை ஒரு வாரம் எங்க தெருவுல கொண்டுபோய்க் கட்டட்டுமா? தோத்ததுல இருந்து எங்க ஆளுக யாருக்கும் தூக்கம் இல்ல. ஒரே பொருமல். கோவத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டன்னு தெரியாம வீட்டுக்கு வீடு தட்டும் டம்ளரும் பறக்குது."

முப்பிடாதி கொஞ்சம் யோசிச்சா. "அது எதுக்கு அங்க வரணும் அண்ணாச்சி? உங்க ஆளுகளை இங்க வந்து ஏசிட்டுப் போகச் சொல்லுங்க. வரிசையில வரச் சொல்லுங்க, கட்டை கம்பு கூடாது."

அடுத்த நாள்ல இருந்து மில் காலனி மொத்தமும், ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்லாம, காலையில எந்திரிச்சு, தலையைச் சீவி, கங்கை நகர் வரைக்கும் நடந்து வந்து, முப்பிடாதி வாசல்ல வரிசையா நின்னு, பெத்த வயித்துல இருந்து பேரு வச்ச நாள் வரைக்கும் இழுத்துத் தாங்கியை ஏசிட்டு, மனசு ஆறி, போகும்போது ஆளுக்கொரு படி மாவும் வாங்கிக்கிட்டுப் போனாங்க. டேங்க் நிறைஞ்சு, மூடி வழியா வழிஞ்சு, வாசல்ல ஓடி, தெருக்கோடி வரைக்கும் ஈரமாக் கிடந்துச்சு. அவங்க நல்ல நல்ல வசவாத்தான் ஏசியிருப்பாங்க. கிரைண்டர் ஓடுற சத்தத்துல முப்பிடாதிக்கு ஒண்ணுமே கேக்கல.